மடிக்கணினியில் எதை மாற்றலாம்?

மேசைக் கணிப்பொறி பழையதாகிவிட்டால் அதன் பக்கத் தகட்டைக் கழற்றி, பழைய கிராபிக்ஸ் அட்டையை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகிவிடலாம். மடிக்கணினியில் அப்படிச் செய்ய முடிவதில்லை. அதற்காக மடிக்கணினியில் ஒன்றையுமே மாற்ற முடியாது என்று சொல்வதும் சரியன்று. 2017-ஆம் ஆண்டு வாக்கில் வாங்கிய விளையாட்டு மடிக்கணினியை வைத்துக்கொண்டு, அதற்கு மேலும் பணம் போடலாமா, அல்லது அந்தப் பணத்தைப் புதியது வாங்குவதற்கென்று சேர்த்து வைக்கலாமா எனத் தயங்குகிறவர்கள் பலர். எங்கள் கல்லூரி மாணவர்களும் இதைக் கேட்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்தப் பொறி விளையாடுவதற்கு மட்டும் அன்று. செய்முறைக் குறிப்பேடு எழுதுவதும், நிரல் எழுதிப் பழகுவதும், வேலைக்கு விண்ணப்பிப்பதும் அதில்தான். வீட்டில் கடன் வாங்கிக் கொடுத்த பொருளாகவும் அது இருக்கும். ஆகவே கேள்வி சிறியதன்று.

எந்தப் பாகம் திருகாணியைத் தளர்த்தினால் கழலும், எந்தப் பாகம் பற்றாசினால் நிரந்தரமாக ஒட்டப்பட்டிருக்கும் என்பது தற்செயலாக அமைந்ததன்று. இதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், எதற்குப் பணம் செலவிடலாம், எதற்குச் செலவிடக் கூடாது என்பதும் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

செருகுவாய்கள் வந்த கதை

1975-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க இதழொன்றின் அட்டைப் படமாக வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் கணிப்பொறிதான் வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க கணிப்பொறிகளுக்கு வழிகாட்டியது. வாங்குகிறவரே பாகங்களைப் பற்றவைத்துக் கட்டிக்கொள்ளலாம். நினைவகம் போதவில்லை என்றால் இன்னோர் அட்டையைச் செருகிக்கொள்ளலாம். இந்தப் பழக்கம் அடுத்து வந்த பொறிகளுக்கும் தொற்றிக்கொண்டது. 1977-இல் ஆப்பிள் 2 உருவானபோது, அச்சுப்பொறிக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என இரண்டு செருகுவாய்களே போதும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் கருதினார். அதை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக் எட்டுச் செருகுவாய்கள் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எட்டும் வைக்கப்பட்டன. பின்னாளில் அப்பொறியை வாங்கியவர்கள் அவற்றில் என்னென்ன அட்டைகளைச் செருகப்போகிறார்கள் என்பது அப்போது வாஸ்னியாக்குக்கும் தெரிந்திருக்க முடியாது. ஆனால் அந்த வாதத்தில் அவர் தோற்றிருந்தால் ஆப்பிள் 2 பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக விற்பனையில் நீடித்திருக்குமா என்பது ஐயமே.

1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியான ஐபிஎம் பி.சி.யில் ஐந்து செருகுவாய்கள் இருந்தன. கூடவே, 8088 செயலிக்குப் பக்கத்தில் வெறுமையாக ஒரு சாக்கெட்டும் வைக்கப்பட்டிருந்தது. தசமக் கணக்குகளை விரைவாகச் செய்யும் 8087 என்னும் துணைச் செயலியைத் தேவைப்பட்டவர்கள் பின்னர் வாங்கி அதில் பொருத்திக்கொள்ளலாம். வருங்காலத்துக்கென்று ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைப்பது என்னும் கருத்து இங்கே எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது!

இக்கருத்து வியாபாரத் தந்திரமாகவும் மாறியது. 1991-இல் இன்டெல் நிறுவனம் 486 எஸ்.எக்ஸ். என்ற விலை குறைந்த செயலியை விற்றது. அதற்கு 487 எஸ்.எக்ஸ். என்றொரு துணைச் செயலியும் உண்டு. அதைப் பொருத்தியதும் என்ன நடந்தது தெரியுமா? துணைக்கு வந்ததாகச் சொல்லப்பட்ட சில்லு உண்மையில் ஒரு முழு 486 செயலி. அது ஏற்கெனவே இருந்த செயலியை உறங்க வைத்துவிட்டு எல்லா வேலைகளையும் தானே செய்தது! அடுத்த ஆண்டு இதே வேலையை ஓவர்டிரைவ் என்ற பெயரில் இன்டெல் வெளிப்படையாகவே செய்தது. பழைய செயலியின் இடத்தில் விரைவான செயலியைப் போட்டுக்கொள்வது என்பது அந்நாளில் சாதாரணக் கடைச் சரக்கு.

இவையெல்லாம் மேசைப் பொறிகள். கையில் தூக்கிச் செல்லும் பொறிகளின் கதை வேறு. 1981-இல் வந்த ஆஸ்போர்ன் 1 ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ளது. தையல் இயந்திரப் பெட்டி போலத் தூக்கிச் செல்லவேண்டும். 1982-இல் வந்த கிரிட் காம்பஸ்தான் புத்தகம் போல மடியும் வடிவத்தைக் கொண்டுவந்தது. 1985-இல் தோஷிபா டி1100 ஏறத்தாழ 4 கிலோ எடையில் வந்தது. எடை குறையக் குறையச் செருகுவாய்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று. ஆனால் இடப் பற்றாக்குறை மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு.

வெப்பத்தின் ஆட்சி

ஒரு சில்லு இயங்கும்போது செலவாகும் மின்திறன், அதன் மின்தேக்குத்திறன், மின்னழுத்தத்தின் இருமடி, அதிர்வெண் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்தில் அமையும். அந்த மின்திறன் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகிறது. 1974-இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டும் அவருடைய துணைவர்களும் ஓர் அழகிய விதியைக் காட்டினார்கள். டிரான்சிஸ்டரின் அளவைக் குறைக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் முன்னைவிட அதிக டிரான்சிஸ்டர்களை அடைத்தாலும் அப்பரப்பிலிருந்து வெளிவரும் வெப்பம் மாறாது. முப்பது ஆண்டுகள் இவ்விதி நடைமுறையில் உதவியது. 2005-ஐ ஒட்டி அது நின்றுபோயிற்று. மின்னழுத்தம் ஏறத்தாழ 1 வோல்ட் அளவுக்கு வந்தபின், டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போதும் மின்னோட்டம் கசியத் தொடங்கியதால், மேலும் குறைக்க இயலவில்லை. அதன் பிறகு கூடுதல் வேகம் வேண்டுமென்றால் கூடுதல் வெப்பத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதை மனத்தில் வைத்து ஒரு விளையாட்டு மடிக்கணினியைப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டுப் பொறிகள் பலவற்றில் இருந்த ஐ7-7700 எச்.க்யூ. செயலிக்கு வரையறுக்கப்பட்ட திறன் 45 வாட். அதனுடன் சேர்ந்துவந்த வரைகலைச் செயலி இன்னும் 75 வாட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். ஆக, இரண்டு 60 வாட் குண்டு பல்புகள் வெளிவிடும் வெப்பத்தை இரண்டு விரற்கடைத் தடிமனுள்ள பெட்டியிலிருந்து வெளியேற்ற வேண்டும். பெட்டியின் மறுபக்கம் நம் மடி! இதைச் சாத்தியமாக்கியது வெப்பக் குழாய் என்னும் எளிய சாதனம். 1963-இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதை உருவாக்கிச் சோதித்தார். மூடிய குழாய்க்குள் சிறிதளவு திரவம் இருக்கும். சூடான முனையில் அது ஆவியாகி, குளிர்ந்த முனைக்குச் சென்று மீண்டும் திரவமாகி, உட்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே திரும்பி வரும். ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் மிக அதிகம் என்பதால், பென்சில் அளவுள்ள குழாயே பல வாட் வெப்பத்தைக் கடத்திவிடுகிறது. விண்கலங்களுக்கென்று வளர்ந்த இச்சாதனம்தான் இன்று மடிக்கணினியின் அடித்தகட்டைத் திறந்தால் செம்பு நிறத்தில் தெரிகிறது.

அந்தக் குழாயின் வளைவு, விசிறியின் அளவு, மின்சாரம் தரும் அடாப்டரின் வாட், எல்லாமே ஒரு குறிப்பிட்ட செயலிக்கும் ஒரு குறிப்பிட்ட வரைகலைச் செயலிக்கும் என்று கணக்கிட்டு அமைத்தவை. சில்லை மட்டும் மாற்றினால் இவை மாறுவதில்லை. மடிக்கணினியில் கிராபிக்ஸ் அட்டையை மாற்றும் முயற்சிகள் எல்லாம் இந்த இடத்தில்தான் இடறின.

எம்.எக்ஸ்.எம். என்னும் முயற்சி

முயற்சிகளே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2000-ஆம் ஆண்டு இறுதியில் என்விடியா ஜிஃபோர்ஸ்2 கோ என்ற சில்லைக் கொண்டுவந்தபோதுதான் மடிக்கணினியில் முப்பரிமாண விளையாட்டுகளை ஓரளவுக்காவது ஆட முடிந்தது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தமக்கென்று ஒரு வடிவில் வரைகலை அட்டையைச் செய்துகொண்டிருந்தார்கள். 2004-இல் என்விடியா, எம்.எக்ஸ்.எம். என்ற பொது வடிவத்தை அறிவித்தது. எவருடைய மடிக்கணினியிலும் எவருடைய அட்டையும் பொருந்தவேண்டும் என்பது நோக்கம். போட்டியாளரான ஏ.டி.ஐ. தானும் ஆக்சியம் என்றொரு வடிவத்தை முன்வைத்தது. பொது வடிவம் வேண்டும் என்பதற்காக இரண்டு பொது வடிவங்கள்! ஆக்சியம் விரைவில் மறைந்தது. எம்.எக்ஸ்.எம். நிலைத்தது, அதன் மூன்றாம் பதிப்பில் 82-க்கு 70 மில்லிமீட்டர், 82-க்கு 105 மில்லிமீட்டர் என இரண்டு அளவுகள் வரையறுக்கப்பட்டன.

எனினும், அட்டையின் அளவும் இணைப்பு முனைகளும் பொதுவாக இருந்தனவே தவிர, அட்டையின் மேல் அமரும் வெப்பத் தகட்டின் வடிவம் ஒவ்வொரு மாதிரிக்கும் வேறுபட்டது. கணிப்பொறி விழிக்கும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரல், தனக்கு அறிமுகமில்லாத அட்டையைக் கண்டால் இயங்க மறுப்பதும் உண்டு. கடையில் தனியாக இவ்வட்டைகள் கிடைப்பதும் அரிது. கிடைத்தால் அதற்குச் சமமான மேசைக் கணிப்பொறி அட்டையைவிட விலை அதிகம். ஆர்வலர்கள் சிலர் வெற்றி கண்டார்கள். ஏனையோருக்கு அது ஏட்டளவில் இருந்த வசதி.

செயலியின் கதையும் இவ்வாறே முடிந்தது. 2011-இல் வந்த இன்டெல் மடிக்கணினிச் செயலிகள் பல 988 முனைகள் கொண்ட சாக்கெட்டில் அமர்ந்தன. ஒரு திருகைத் திருப்பினால் கழன்றுவிடும். இரண்டு உள்ளகங்கள் கொண்ட செயலியை எடுத்துவிட்டு நான்கு உள்ளகங்கள் கொண்டதைப் போட்டவர்கள் உண்டு. 2013-இல் வந்த நான்காம் தலைமுறையுடன் அந்த வழக்கம் முடிந்தது. அதற்கடுத்த தலைமுறை முதல் மடிக்கணினிச் செயலிகள் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டன. மேலே சொன்ன 7700 எச்.க்யூ. செயலியின் அடியில் 1440 சிறு பற்றாசு உருண்டைகள் உள்ளன. அவற்றை உருக்கிப் பிரித்து வேறொன்றை ஒட்டுவது வீட்டில் செய்யும் வேலையன்று.

மெல்லிய பொறிகளின் மீது மக்களுக்கு ஏற்பட்ட மோகத்துக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறையிலிருந்து மேக்புக் ஏர் என்ற மடிக்கணினியை வெளியே எடுத்துக் காட்டினார். அதில் நினைவகம் பற்றவைக்கப்பட்டிருந்தது. 2011-இல் ரேசர் நிறுவனம் 22 மில்லிமீட்டர் தடிமனில் விளையாட்டு மடிக்கணினியையே கொண்டுவந்தது. சாக்கெட் என்பது சில மில்லிமீட்டர் உயரம். அந்தச் சில மில்லிமீட்டரைத்தான் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள். எட்டுச் செருகுவாய்களா இரண்டா என்று 1977-இல் நடந்த வாதத்தில் தோற்றவர் முப்பது ஆண்டுக்குப் பின் வென்றுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மேசைக் கணிப்பொறிச் செயலியையே மடிக்கணினிக்குள் வைத்து இந்தப் போக்கை எதிர்க்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. 2019-இல் டெல் நிறுவனத்தின் ஏலியன்வேர் பிரிவு ஏரியா-51 எம் என்ற பொறியை வெளியிட்டது. அதில் செயலியும் கழலும், வரைகலை அட்டையும் கழலும். ஆனால் அந்தச் செயலிக்கான சாக்கெட் 1151 முனைகள் கொண்டது. 2020-இல் இன்டெல்லின் அடுத்த தலைமுறை 1200 முனைகளுடன் வந்தது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வருவதற்குரிய விருந்தாளியின் உருவம் மாறிவிட்டது.

ஆம்டாலின் கணக்கு

இவ்வளவு மாற்றங்களுக்குப் பிறகும் நம் 2017-ஆம் ஆண்டுப் பொறியில் இரண்டு பாகங்கள் பெரும்பாலும் கழலக்கூடியவையாகவே தங்கின: நினைவகமும் சேமிப்பகமும். இவற்றை மாற்றுவதால் பயன் உண்டா என்பதை 1967-இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதத்தைக் கொண்டு அறியலாம். ஐபிஎம்-இன் புகழ்பெற்ற 360 வரிசைக் கணிப்பொறிகளை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் அவர். பல செயலிகளை ஒன்றுசேர்த்தால் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதைப் பற்றியே அவர் பேசினார். ஆனால் அந்த வாதம் எந்தப் பாகத்துக்கும் பொருந்தும்: ஒரு பாகத்தை எவ்வளவு விரைவாக்கினாலும், மொத்த நேரத்தில் அப்பாகம் எடுத்துக்கொண்ட பங்கைத்தான் மிச்சப்படுத்த முடியும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பழைய பொறியில் ஒரு விளையாட்டு திறப்பதற்கு 60 விநாடி ஆகிறது என்று கொள்வோம். அதில் 45 விநாடி வன்தட்டுக்காகக் காத்திருப்பது, 15 விநாடி செயலியின் வேலை. செயலியின் வேகத்தை இருமடங்காக்கினால் மொத்த நேரம் 52.5 விநாடியாகக் குறையும். முடிவிலி வேகமுள்ள செயலியையே கொண்டுவந்தாலும் 45 விநாடிக்குக் கீழே போகாது. வன்தட்டை எடுத்துவிட்டு ஒன்பது மடங்கு விரைவான ஒன்றை வைத்தால் 20 விநாடி!

ஒன்பது மடங்கு என்பது மிகையன்று. மடிக்கணினி வன்தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 90 முறை. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி விநாடி. நமக்கு வேண்டிய செய்தி தலையின் கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும்: 5.6 மில்லி விநாடி. தலை சரியான தடத்துக்கு நகர்வதற்கு 12 மில்லி விநாடி அளவில் ஆகும். ஆக, தட்டில் சிதறிக் கிடக்கும் துண்டுச் செய்திகளை விநாடிக்கு அறுபதுக்கும் குறைவாகவே எடுக்க முடியும். 1956-இல் வந்த முதல் வன்தட்டுப் பொறியான ராமாக் நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் சுழற்சி வேகம் ஐந்து மடங்குகூட உயரவில்லை. செயலியோ அதே காலத்தில் இலட்சக்கணக்கான மடங்கு உயர்ந்துவிட்டது. 2008-இல் இன்டெல் எக்ஸ்25-எம் போன்ற எஸ்.எஸ்.டி. சேமிப்பகங்கள் சந்தைக்கு வந்தபோது அந்தப் பள்ளம் ஒரேயடியாகத் தூர்ந்தது. அதில் சுழலும் பாகமே இல்லை; செய்தியை எடுக்க 0.1 மில்லி விநாடி போதும். பழைய மடிக்கணினிக்குச் செய்யும் செலவுகளில் இதைப்போல் பலன் தருவது வேறொன்றில்லை. பொறியில் எம்.2 என்னும் சிறு செருகுவாய் இருந்தால், அது சாட்டா வகையை ஏற்குமா, என்.வி.எம்.இ. வகையை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்த பிறகே வாங்கவேண்டும். இரண்டும் உருவத்தில் ஒன்றுபோலவே இருப்பதால் ஏமாறுகிறவர்கள் உண்டு.

நினைவகத்தின் நிலை சற்று வேறு. 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணிப்பொறி, நினைவகம் போதாதபோது உருளையில் உள்ள இடத்தையும் நினைவகம் போலவே பயன்படுத்திக்கொள்ளும் வழியைக் கண்டது. 1968-இல் பீட்டர் டென்னிங் அதன் அபாயத்தை விளக்கினார். ஒரு நிரலுக்கு ஒரு நேரத்தில் உண்மையாகத் தேவைப்படும் பகுதி நினைவகத்தில் அடங்கும்வரை எல்லாம் நலமே. அது அடங்காமற்போனால், எடுப்பதும் வைப்பதுமாகவே காலம் கழிந்து, வேகம் படிப்படியாகக் குறையாமல் சடாரென்று வீழ்ந்துவிடும். ஆகவே 8 ஜிகாபைட்டை 16 ஆக்குவது 12 ஜிகாபைட் தேவைப்படுகிறவருக்குப் பெரும் வரம். 6 தேவைப்படுகிறவருக்குச் சிறு பயனே. ஒற்றைத் துண்டு இருக்கும் இடத்தில் இரட்டையாகப் போடும்போது இன்னொரு நன்மையும் உண்டு. விநாடிக்கு 240 கோடி முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட் என்று அனுப்பும் டிடிஆர்4 துண்டு ஒன்று 19.2 ஜிகாபைட்தான் தரும்; இரண்டு சேர்ந்து இயங்கினால் அதைப்போல் இருமடங்கு. டிடிஆர்3-க்கு 204 முனைகள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. வெட்டுக் குறியும் வேறு வேறு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் செருக முடியாது. விலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2025-இன் இறுதி மாதங்களில் நினைவகச் சில்லுகளின் விலை வெகுவாக ஏறியது.

செலவுக்கு முன் சோதனை

வரைகலைச் செயலியின் பங்கை அறிய ஒரு செலவில்லாச் சோதனை உண்டு. விளையாட்டின் ஒவ்வொரு படத்துக்கும் செயலி 10 மில்லி விநாடியும் வரைகலைச் செயலி 28 மில்லி விநாடியும் எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால், மெதுவானவர் வைத்ததே வேகம்: விநாடிக்கு ஏறத்தாழ 36 படங்கள். இப்போது படத்தின் நுணுக்கத்தை 1920-க்கு 1080 புள்ளிகளிலிருந்து 1280-க்கு 720 புள்ளிகளாகக் குறையுங்கள். வரையவேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே வந்துவிடும். படங்களின் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால், இதுவரை தடையாக நின்றது வரைகலைச் செயலி. உயரவில்லையென்றால் தடை வேறிடத்தில். ஒரு காரணியை மட்டும் மாற்றி விளைவைக் காண்பது என்று ஆய்வகத்தில் சொல்லித் தருகிறோமே, அதுதான் இது.

மற்றொரு சோதனை: ஆடத் தொடங்கிய முதல் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் படங்களையும், அரை மணிக்குப் பின் கிடைக்கும் படங்களையும் ஒப்பிடுங்கள். பின்னது மிகக் குறைந்தால், சூடு தாளாமல் சில்லுகள் தம் அதிர்வெண்ணைத் தாமே குறைத்துக்கொள்கின்றன என்று பொருள். ஏழெட்டு ஆண்டுத் தூசி வெப்பத் தகட்டின் இடுக்குகளை அடைத்திருக்கும். சில்லுக்கும் குழாய்க்கும் இடையே பூசிய வெப்பப் பசை உலர்ந்திருக்கும். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு மிகச் சிறிது. புதிய பாகம் எதையும் வாங்கும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது. மின்கலம் தளர்ந்திருந்தால் அதுவும் மாற்றத்தக்கதே.

வரைகலைச் செயலிதான் தடை என்று தெரிந்தால் வழி குறுகிவிடுகிறது. தண்டர்போல்ட் 3 இணைப்பு உள்ள பொறியில் வெளியே ஒரு பெட்டி வைத்து மேசைக் கணிப்பொறி அட்டையை இணைக்கலாம். ஆனால் மேசைக் கணிப்பொறியில் அட்டைக்குப் பதினாறு தடங்கள் கிடைக்கும் இடத்தில் இங்கே நான்குதான். பெட்டியின் விலையும் அட்டையின் விலையும் சேர்ந்தால், பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றை வாங்கிவிடலாமே என்ற எண்ணம் வந்துவிடும். என் கருத்தில் அந்த எண்ணமே சரி.

2023 செப்டம்பரில் வெளியான ஸ்டார்ஃபீல்டு என்ற விளையாட்டு, குறைந்தபட்சத் தேவையாக 16 ஜிகாபைட் நினைவகம், எஸ்.எஸ்.டி. சேமிப்பகம், ஜிடிஎக்ஸ் 1070 டிஐ தரத்தில் வரைகலை அட்டை ஆகியவற்றைக் கேட்டது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ உள்ள மடிக்கணினிக்காரர் முதல் இரண்டையும் கடையில் வாங்கிவிடலாம். மூன்றாவதை எங்கும் வாங்க முடியாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு இன்னும் ஒரு படி மேலே போய், ஒளிக்கதிர்களின் வழியைக் கணக்கிடும் தனிச் சுற்று வரைகலைச் செயலிக்குள் இருந்தாக வேண்டும் என்றது. என்விடியாவின் சில்லுகளில் அது 2018-இல்தான் வந்தது. 2017-ஆம் ஆண்டுப் பொறியில் எவ்வளவு நினைவகம் போட்டாலும் அந்தச் சுற்று முளைத்துவிடாது.

பொறிக்கு வெளியேயிருந்து வரும் கெடுவும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11, சில விலக்குகள் நீங்கலாக, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலிகளை ஏற்பதில்லை, 7700 எச்.க்யூ. ஏழாம் தலைமுறை. என்விடியாவும் 1050, 1060 வரிசைச் சில்லுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான இயக்கி நிரல் தருவதை 2025 அக்டோபருடன் நிறுத்திக்கொண்டு, 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தருவதாக அறிவித்தது. லினக்ஸை ஏற்றிக்கொண்டால் படிப்புக்கும் நிரலெழுதவும் அந்தப் பொறி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆகவே எஸ்.எஸ்.டி.க்கும் நினைவகத்துக்கும் செய்யும் செலவை, பழைய விளையாட்டுகளுக்கும் அன்றாட வேலைக்கும் செய்யும் செலவாகக் கருதினால் அது நியாயமானது. புதிய விளையாட்டுகளுக்கென்று கருதினால் வீண்.

புதியது வாங்க முடிவு செய்கிறவர்கள் அடித்தகட்டுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் விசாரிப்பது நல்லது. நினைவகம் பற்றவைத்ததா, எத்தனை எம்.2 செருகுவாய்கள் என்பவை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பதில்லை. மெல்லிய பொறிகளிலும் கழலக்கூடிய நினைவகத்துக்காக கேம்2 என்ற வடிவம் 2023 டிசம்பரில் பொதுத் தரமாக வெளியிடப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஃபிரேம்வொர்க் என்ற நிறுவனம் 2024-இல் வாடிக்கையாளருக்கு அனுப்பத் தொடங்கிய 16 அங்குல மடிக்கணினியில், வரைகலைச் செயலி ஒரு தனிப் பெட்டியாகப் பின்புறம் செருகப்படுகிறது. எம்.எக்ஸ்.எம். அட்டை சில்லை மட்டும் மாற்றியது. இப்பெட்டியோ தனக்குரிய வெப்பத் தகட்டையும் விசிறிகளையும் தன்னுடனே கொண்டுவருகிறது. 2025 ஆகஸ்டில் அதே பொறிக்கு என்விடியா ஆர்டிஎக்ஸ் 5070 பெட்டியை அந்நிறுவனம் அறிவித்தபோது, முன்பு ஏ.எம்.டி.யின் ஆர்எக்ஸ் 7700 எஸ் பெட்டியுடன் வாங்கியவர்கள் திருகாணிகளைக் கழற்றிப் புதியதைப் பொருத்திக்கொள்ள வழி பிறந்தது. இரண்டு பெட்டிகளுக்கும் வரையறுத்த திறன் அதே 100 வாட். இரண்டிலும் வரைகலை நினைவகம் 8 ஜிகாபைட்தான்.